சுப்பையன் பிடித்துக்கொண்டு போன கல்

சுப்பையனின் வலது முழங்காலுக்குள் ஒரு கல் இருந்தது. அது எப்படி வந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 1938-ஆம் வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம், சினிமாக் கொட்டகைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஏணி சறுக்கியது. பசை வாளி நேராகத் தரையில் வந்து நின்றது. சுப்பையன் அந்த வாளியின் விளிம்பில் முட்டி பட விழுந்தார். ஒரு சொட்டுப் பசைகூடச் சிந்தவில்லை என்று பார்த்தவர்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மலாக்கா டவுனில் ஒரு சர்க்கார் அலுவலகத்துக்கு நோட்டீஸ் ஒட்டுபவர். நாய் லைசென்ஸ், அம்மை குத்துதல், தண்ணீர் நிற்கும் நேரம், எல்லாம் அவர் கையால்தான் சுவருக்குப் போகும். சினிமாக்காரர்கள் கூப்பிட்டால் அதையும் ஒட்டுவார். காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாய் பேசிவந்த செட்டிகளின் கம்பத்துக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகளில் ஒன்றில் மனைவி அஞ்சலையோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. பசை காய்ச்சுவது அஞ்சலையின் வேலை.

விழுந்த முட்டி பத்து நாளில் வற்றியது. ஒரு வருஷம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஒருநாள் ஏணியின் நாலாவது படியில் கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, இன்னும் மடக்கவும் முடியவில்லை. நாலு பேர் ஏணியோடு சேர்த்து அவரை இறக்கினார்கள். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கால் இப்படிப் பூட்டிக்கொள்ளும்.

பூட்டைத் திறக்கும் வழியை அஞ்சலைதான் கண்டுபிடித்தாள். அவள் தரையில் உட்கார்ந்து, அவருடைய குதிகாலை அக்குளில் இடுக்கிக்கொள்வாள். இழுக்கப்போகிறாள் என்று தெரிந்தால் அவர் காலை விறைத்துக்கொள்வார். அதனால் அவருக்கு அபிப்பிராயம் உள்ள விஷயமாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள்.

“ஏங்க, ஒங்க தங்கச்சி புருசன் நல்லவரா?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் ஒரு இழுப்பு, ஒரு திருப்பு. உள்ளே ‘டக்’ என்று சத்தம் கேட்கும். கால் சரியாகிவிடும். பதிலை மட்டும் அவர் முழுதாகச் சொல்லி முடிப்பார்.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு அலுவலகத்தில் தினம் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று தோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனிய வேண்டும் என்று உத்தரவு. முதல் மாதத்தில் ஒருநாள் குனிந்த இடத்தில் சுப்பையனின் முட்டி பூட்டிக்கொண்டது. மற்றவர்கள் நிமிர்ந்தார்கள். அவர் நிமிரவில்லை. புதிதாக வந்திருந்த ஜப்பானிய மேலாளர் அவரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, இந்த மனிதரிடமிருந்து எல்லோரும் மரியாதையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். மறுநாள் முட்டி பூட்டவில்லை. சுப்பையன் எல்லோரோடும் சேர்ந்து நிமிர்ந்தார். ஒரே நாளில் மரியாதை குறைந்துவிட்டதற்காக அவருக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

1943-ஆம் வருஷம் மே மாதத்தில் டவுன் முழுக்க ஒரு புது நோட்டீஸ் ஒட்டினார். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதம், கூலியும் அரிசியும் உண்டு, மருத்துவ வசதி உண்டு என்று தமிழில் எழுதியிருந்தது. யாரும் போகவில்லை. அதற்கு முன் போனவர்களிடமிருந்து ஒரு காகிதமும் வந்திருக்கவில்லை. நோட்டீஸுக்கு ஆள் சேரவில்லை என்றதும், ஒவ்வொரு அலுவலகமும் மூன்று பேரைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெயர் எழுதும் வேலை அலுவலகக் குமாஸ்தா, கிராணி கணேசமூர்த்தியிடம் வந்தது. ஒரு திங்கட்கிழமை அவர் சுப்பையனைக் கூப்பிட்டார்.

“ஒனக்குப் புள்ளகுட்டி இல்ல சுப்பையா. ஏணி ஏறுற ஒடம்பு வேற. ஒம்பேரப் போட்டுட்டேன்.”

“எனக்கு முட்டியில கல்லு இருக்குங்க கிராணி ஐயா.”

“எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு. எனக்கு மூலம் இருக்கு. வேலைக்கு லாயக்கில்லன்னு ஆஸ்பத்திரி காயிதம் கொண்டா, பேர அடிச்சிடுறேன். வெள்ளிக்கெழம காலையில லாரி.”

மறுநாள் சுப்பையன் மேட்டின் மேல் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டருக்கு அடுத்தபடி நோயாளிகளைப் பார்க்கும் டிரஸ்ஸர் ஜெயபாலன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தைக் காதில் நூலால் கட்டியிருந்தார். சுப்பையனை உட்கார்ந்து எழச் சொன்னார். இருபது தடவை உட்கார்ந்து எழுந்தார். அன்றைக்கு அந்த முட்டி எண்ணெய் போட்ட கீல் மாதிரி வேலை செய்தது.

“நோகுதோ?”

“இல்லீங்க.”

“பூட்டுதோ?”

“இப்ப பூட்டலீங்க. வேணாங்கிற நேரத்துலதான் பூட்டும்.”

ஜெயபாலன் முட்டியை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் கையில் படவில்லை. எக்ஸ்ரே எடுக்கப் படத்தாள் இல்லை, இருப்பதெல்லாம் பட்டாளத்துக்கு என்றார். பிறகு, வந்தவர் பொய் சொல்லவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், உட்கார வைத்துச் சொன்னார்.

“நீர் விழுந்த நேரம் எலும்பின்ர நுனியில ஒரு சில்லு கழண்டிருக்கும். முட்டிக்குள்ள ஒரு நீர் இருக்கு, அதுதான் அந்தச் சில்லுக்குச் சாப்பாடு. வருசக்கணக்கா அதில கிடந்து வளரும். ஒரு இடத்தில நிக்காது. இரண்டு எலும்புக்கு நடுவில வந்தால் கால் பூட்டும். மற்ற நேரம் எங்கயாவது ஒளிச்சிருக்கும். இங்கிலீஷ் டாக்டர்மார் அதை எலி எண்டு சொல்லுவினம்.”

“எலியா?”

“ஓம். கையில படாமல் நான் எழுத ஏலாது. எழுதினால் என்னையும் லாரியில ஏத்துவாங்கள். வியாழக்கிழமை காலமை ஜப்பான் டாக்டர் வருவார். அது தோலுக்குக் கீழ தலை காட்டுற நேரம் பிடிச்சு, விடாமல் கொண்டு வாரும்.”

சுப்பையன் வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் சொன்னார். அவள் ஏணியை எடுத்து வீட்டுச் சுவரில் சாத்தினாள். செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்வரை ஏறி இறங்கினார். புதன்கிழமை முழுக்க ஏறி இறங்கினார். குனிந்து நிமிர்ந்தார், காலைத் திருப்பினார், ஒற்றைக் காலில் நின்றார். மூன்றரை வருஷமாக வேண்டாத நேரத்தில் எல்லாம் வந்த கல், வேண்டும் என்று கேட்ட இரண்டு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. அஞ்சலை மாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். சேவல் கிடைக்காத காலம் என்பதால், கிடைக்கும்போது என்று சேர்த்துச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் கிணற்றடியில் முகம் கழுவக் குந்தி எழுந்தபோது முட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. முட்டிச் சில்லுக்கு மேலே, வெளிப்பக்கமாக, தோலைத் தூக்கிக்கொண்டு ஒரு முண்டு தெரிந்தது. சுப்பையன் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை இறுக்கிப் பிடித்தார்.

“அஞ்சல!”

அஞ்சலை ஓடி வந்தவள் இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். பக்கத்தில் வந்தால் அது பயந்து ஓடிவிடும் என்பதுபோல.

“விடாதீங்க. மூச்ச வேணா விடுங்க, அத விட்டுடாதீங்க.”

தண்ணீர் எடுக்க வந்த செட்டி கம்பத்து நாகம்மா குடத்தை இறக்கினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, பேச்செல்லாம் மலாய்தான்.

“கெனாப்பா? சாக்கித்?” என்ன ஆயிற்று, வலியா என்று கேட்டாள்.

“பத்து,” என்றாள் அஞ்சலை. மலாயில் பத்து என்றால் கல். முட்டியைக் காட்டினாள்.

நாகம்மா குனிந்து பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போய், வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்புச் சிமிழின் பித்தளை மூடியைக் கொண்டுவந்தாள். அதை முண்டின் மேல் கவிழ்த்ததும் கல் நாலு பக்கமும் மதில் கட்டியதுபோல் நின்றது. அஞ்சலை பழைய சேலையைக் கிழித்து மூடிக்கு மேல் சுற்றி இறுக்கினாள். இரண்டு எட்டு வைத்ததும் துணி தளர்ந்தது. ஆகையால் மூடியின் மேல் கையையும் வைத்து அழுத்திக்கொண்டே போவது என்று முடிவாயிற்று.

ஆஸ்பத்திரி ஒன்றரை மைல். சுப்பையன் இடுப்பை வளைத்து, வலது காலை விறைப்பாக வைத்து, வலது கையால் முட்டியை அழுத்தியபடி நடந்தார். இன்னொரு கையை அஞ்சலை பிடித்துக்கொண்டாள். எதிரே வந்தவர்கள் சிலர், குனிந்து வருகிறவரைப் பார்த்துத் தாங்களும் குனிந்துவிட்டு, பின்னால் ஜப்பான்காரன் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் கோபத்தோடு நிமிர்ந்தார்கள்.

சாலை முனையில் காவல் சாவடி இருந்தது. அங்கே நின்று, இரண்டு கைகளையும் தொடையோடு சேர்த்து வைத்துக் குனிய வேண்டும். சுப்பையன் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். சிப்பாய்க்கு அந்த மரியாதை போதுமானதாக இருந்தது. ஆனால் முட்டியில் கட்டியிருந்த துணி அவன் கண்ணில் பட்டுவிட்டது. எதையோ கடத்துகிறார்கள் என்று நினைத்தான். துப்பாக்கியைச் சாத்திவிட்டு வந்து துணியை அவிழ்த்தான்.

“பியோகி, பியோகி,” என்றாள் அஞ்சலை. நோய் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஜப்பானியச் சொல் அது ஒன்றுதான்.

சிப்பாய் மூடியை எடுத்தான். சுப்பையன் அதற்குள் முண்டின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்துவிட்டார். சிப்பாய் தன் ஆள்காட்டி விரலால் முண்டை அழுத்தினான். அது உள்ளே போய், திரும்ப வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி வந்தது. அவன் சிரித்ததைக் காஜா பெராங்கில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. சாவடிக்குள் இருந்த இன்னொருவனைக் கூப்பிட்டான். அவனும் வந்து மூன்று தடவை அழுத்தினான். சுப்பையனின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. துடைக்கக் கை இல்லை. கடைசியில் முதல் சிப்பாய் மூடியைத் தானே மேலே வைத்து, துணியைத் தானே சுற்றி, அஞ்சலை கட்டியதைவிட நன்றாகவே முடிச்சுப் போட்டு அனுப்பினான்.

ஜெயபாலன் மூடியை எடுத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“ஓம். இருக்கு,” என்றார். அவருக்கே ஆச்சரியம்தான். உள்ளே போய் ஜப்பான் டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கல்லைத் தொட்டதும் அவர் முகம் மலர்ந்தது. மாதக்கணக்கில் மலேரியாவும் சீதபேதியும் மட்டுமே பார்த்துவந்தவர். ஜெயபாலனிடம் இங்கிலீஷில் துண்டு துண்டாக ஏதோ சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

“காயிதம் எழுதமாட்டாராம்,” என்றார் ஜெயபாலன். “இப்பவே வெட்டி எடுக்கப்போறாராம்.”

“எடுத்துட்டா?”

“ஆறு கிழமை கட்டில். பிறகு நீர் நல்ல ஆள். எங்கயும் அனுப்பலாம்.” அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “விருப்பமில்லாட்டி விரலை எடும். அது ஓடிப்போயிடும். வெட்ட ஒண்டுமில்லை எண்டு நான் சொல்லிப்போடுவன். ஆனால் காயிதமும் இல்லை.”

சுப்பையன் தன் விரல்களைப் பார்த்தார். காலையிலிருந்து பிடித்துப் பிடித்து அவை வெளுத்திருந்தன. கத்தி என்றால் அவருக்குப் பயம், சவரத்துக்கே கண்ணை மூடிக்கொள்பவர். அஞ்சலையைப் பார்த்தார்.

“நாளைக்கு லாரி,” என்றாள் அஞ்சலை. “ஆறு வாரம்னா ஆறு வாரம். வெட்டச் சொல்லுங்க.”

மரத்துப்போகும் மருந்து பாதி ஊசிதான் இருந்தது. முதலில் ஒரு நீண்ட ஊசியைத் தோல் வழியாக இறக்கி, கல் நகராதபடி குத்தி நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் சுப்பையன் விரலை எடுத்தார். டாக்டர் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறினார். பாதி மருந்து பாதி வலியைத்தான் நிறுத்தியது. சுப்பையன் நோட்டீஸ் ஒட்டிய சுவர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிச் சவ்வு அறுபட்டதும் கல் ஊசியிலிருந்து கழன்று, தானாகத் துள்ளி வெளியே விழுந்து, மேசைக்கடியில் உருண்டது. டாக்டரும் டிரஸ்ஸரும் மண்டியிட்டுத் தேடினார்கள். முட்டி திறந்தபடி படுத்திருந்த சுப்பையன்தான், “அந்த அலமாரிக்குக் கீழ போச்சுங்க,” என்று வழி சொன்னார்.

அது வெள்ளையாக, வழவழப்பாக, ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு இருந்தது. டாக்டர் அதைக் கழுவி ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டார்.

நாலு நாள் காய்ச்சல் அடித்தது. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. அஞ்சலை தினமும் மரவள்ளிக் கஞ்சியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் அவர் கேட்டார்.

“லாரி போச்சா?”

“போச்சு. தம்பின் டேசன் வரைக்கும் லாரி, அங்கேர்ந்து ரயிலாம்.”

“எத்தன பேரு?”

“நம்ம ஆபீசுல மூணு பேரு.”

சுப்பையன் கஞ்சியை இரண்டு வாய் குடித்தார். பிறகு கிண்ணத்தை இறக்கினார்.

“நான் இல்லாம மூணா?”

அஞ்சலை கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

“யாரு?”

“சாக்கடை கூட்டுற நடராஜன். வெள்ளிக்கெழம காலையில வேலைக்கு வந்தவர அப்படியே ஏத்திட்டாங்களாம். வீட்டுக்குப் போயி சொல்லக்கூட விடல.”

நடராஜனுக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுப்பையன் மீதிக் கஞ்சியை அன்று குடிக்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கஞ்சியை மீதி வைப்பதில்லை என்பதால் பக்கத்துக் கட்டில்காரர் வாங்கிக் குடித்துவிட்டார்.

ஆறு வாரத்தில் முட்டி முழுதாகக் குணமானது. அந்தக் கால நிலவரத்தில் இது யாரும் எதிர்பார்க்காதது. டாக்டரே இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அவர் சுப்பையனை அனுப்ப மறுத்துவிட்டார். வார்டு கூலியாக ஆஸ்பத்திரியிலேயே வேலை கொடுத்து, சயாம் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று கைப்பட எழுதி முத்திரை குத்தினார். வாரம் ஒருமுறை முட்டியை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டார். வெளியூர் அதிகாரிகள் யாராவது வந்தால் சுப்பையனுக்கு ஆள் வரும். துடைப்பத்தை வைத்துவிட்டுப் போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்து எழுவார். அதிகாரிகள் முட்டியையும் புட்டியையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். இரண்டு வருஷத்தில் முப்பத்தேழு அதிகாரிகளுக்கு உட்கார்ந்து எழுந்ததாக ஜெயபாலன் கணக்குச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்த பின் வந்த முதல் விடுமுறை நாளில் சுப்பையன் நடராஜன் குடியிருந்த புக்கிட் பாருவுக்கு நடந்து போனார். அவருடைய மனைவி மல்லிகா வீட்டுக்குப் பின்னால் கிழங்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். அவர் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை.

“என் பேருதாம்மா மொதல்ல இருந்துச்சு,” என்றார்.

“தெரியும் அண்ணே. கிராணி சொன்னாரு.”

“காயிதம் ஏதாச்சும்?”

“இல்ல.”

அவள் அவருடைய காலைப் பார்த்து, “அதக் காட்டுங்க அண்ணே,” என்றாள். அவர் வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கித் தழும்பைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

“அந்தக் கல்லு எவ்வளோ பெருசு?”

அவர் கட்டைவிரல் நகத்தைத் தொட்டுக் காட்டினார்.

“அவ்வளோதானா,” என்றாள் மல்லிகா. பிறகு உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவர் தண்ணீரைக் குடித்தார். மண்வெட்டியை வாங்கி மிச்சப் பாத்தியை வெட்டி முடித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த விடுமுறைக்கு அஞ்சலையும் கூட வந்தாள். ஆஸ்பத்திரியில் கூலிகளுக்குக் கொடுத்த அரிசியில் ஒரு பங்கு மல்லிகாவுக்குப் போயிற்று. அவள் அதை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. கொஞ்ச நாளில் அஞ்சலையோடு மட்டும் பேச ஆரம்பித்தாள். சுப்பையனோடு பேச இன்னும் ஒரு வருஷம் ஆனது.

ஜப்பான் சரணடைந்ததும் டாக்டர் ஒரு பையோடு லாரி ஏறினார். புட்டியையும் எடுத்துப் போனார். அதைத் தனக்குத் தரும்படி கேட்கலாமா, அப்படிக் கேட்க உரிமை உண்டா என்று சுப்பையன் யோசித்து முடிப்பதற்குள் லாரி மேட்டை விட்டு இறங்கிவிட்டது.

அலுவலகத்திலிருந்து சயாமுக்குப் போன மூன்று பேரில் ஒருவர் 1946 ஜனவரியில் திரும்பி வந்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது. போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதமே ஆற்றோரத்து முகாமில் காலரா வந்திருக்கிறது. ஒரே நாளில் பதினெட்டுப் பேரை எரித்திருக்கிறார்கள். அவர்களில் நடராஜனும் ஒருவர்.

மல்லிகா அழுது முடித்த மூன்றாம் நாள் சுப்பையன் வீட்டுக்கு வந்தாள்.

“கருமாதி செய்யணும் அண்ணே. அவருக்கு இங்க யாரும் இல்ல. நீங்க செய்யிறீங்களா?”

சுப்பையன் அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை ஏற்கெனவே பெட்டியைத் திறந்து வெள்ளை வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உஜோங் பாசிர் கடற்கரையில் காலையிலேயே நாவிதர் அவருடைய தலையையும் மீசையையும் மழித்தார். அவர் இந்தத் தடவையும் கண்ணை மூடிக்கொண்டார். பண்டாரம் வாழை இலையை விரித்து, பிண்டம் பிடித்து வைத்தார். பச்சரிசி கிடைக்காததால் புழுங்கல் அரிசிதான். உயிரோடு இருப்பவர்களுக்கே அதுதான், போனவருக்குத் தெரியாதா என்றார். பிறகு வழக்கப்படி கேட்டார்.

“செய்யிறவர் என்ன ஒறவு?”

சுப்பையன் மழித்த தலையைத் தடவினார்.

“அண்ணன்,” என்றாள் மல்லிகா.

“கூடப் பொறந்தவரா?”

“அண்ணன்னு சொல்றேன்ல. மந்தரத்தச் சொல்லுங்க.”

பண்டாரம் சொன்னார். சுப்பையன் திருப்பிச் சொன்னார். நடராஜனின் பெயரைச் சொல்ல வேண்டிய இடங்களில் அவர் குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம். கடல் வெகு தூரம் உள்வாங்கியிருந்தது. பிண்டத்தைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு சுப்பையன் சேற்றில் இறங்கி நடந்தார். முதலில் கணுக்கால் வரை சேறு, பிறகு அதற்கும் மேலே. மல்லிகாவும் அஞ்சலையும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தண்ணீரைத் தொட்டு, மூழ்கி எழுந்து, திரும்பி வருவதற்கு அரை மணிக்கு மேல் ஆனது.

“சாப்புடுங்க அண்ணே,” என்றாள் மல்லிகா, கொண்டுவந்திருந்த சோற்று இலையை அவர் பக்கம் தள்ளி வைத்து. “வெயில் ஏறுது.”

மூன்று பேரும் ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.